சுவிஸ் சரக்கு

12.3.2058. பக்கத்தில் கேட்ட முனகலை, பெட்டிகள் நகரும் பெல்ட்டின் சத்தம் என்று தவறாக நினைத்துவிட்டேன். முனகியது நிறைமாதக் கற்பகவல்லி அக்கா.

எங்கள் பொள்ளாச்சி சாக்லேட் ஆலையில், அன்றைய சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டுக் கூலிதான் எங்களுக்கும். இன்று சுவிட்சர்லாந்து, கூலி பல மடங்கு. காய்ச்சல்காரர்கள்கூட வந்திருந்தார்கள்.

“வலி வந்துருச்சாக்கா? ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“சும்மா இரு அம்முணி, சூப்பர்வைசர் ஊட்டுக்கு அனுப்பிருவான். நாளைக்குக் கானா சரக்குதான, கூலியும் கம்மி. நாளைக்குச் சாவகாசமாப் பொறக்கட்டும்.”

அவளுடைய பெட்டிகளையும் நானே அடைத்தேன். உதவினேனா, கெடுத்தேனா என்று வேலை முடிந்து நான் படிக்கப் போகும் மாலை வகுப்பு முடிந்தும் தெரியவில்லை.

ஷிப்ட் முடிந்தபிறகுதான் ஆம்புலன்சில் ஏறினாள். பெண் குழந்தை. மூச்சுத் திணறலாம், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

நாளை விடுப்புச் சொல்லிவிட்டு, அக்காவுக்குக் கஞ்சி கொண்டுபோக வேண்டும்.