ஆழமாக உழாத வண்டி

"கலப்பைய இறக்காதீக! நிறுத்துங்க!"

காளிராஜ் அலறிக்கொண்டு டிராக்டருக்குக் குறுக்கே பாய்ந்தார். உழுது காட்ட வந்திருந்த ஷோரூம் விற்பனையாளன் ஹரிபிரசாத் பதறிப்போய் பிரேக்கை மிதித்தான்.

"என்னண்ணே, டெமோ காட்டத்தானே கூப்பிட்டீக?"

"அந்த வேப்பமரத்தடிக்கு மட்டும் போகாதீக. இந்த வண்டி எம்புட்டு ஆழம் உழும்?"

"சின்ன வண்டிதாண்ணே. அரையடி போகும்."

"அம்புட்டு ஆழம் வேணாம். இதைவிடச் சின்னது இல்லையா?"

ஆழமாக உழும் வண்டியைத்தான் ஊரே கேட்கும். இவர் ஆழமாக உழாத வண்டி கேட்கிறார். மரத்தடியில் மண் மேடாகக் கிடந்தது. நேற்று போனில் பேசி வரச் சொன்னது இவருடைய மனைவி மாரிக்கனி. வந்ததிலிருந்து அவளைக் காணோம்.

"அக்கா எங்கண்ணே?"

"அவளைப் பத்தி ஏன் கேக்கீக?" காளிராஜின் கண் மரத்தடிக்கே போனது.

ஹரி மெல்ல செல்போனை எடுத்தான். போலீசுக்கு என்ன நம்பர்?

"ஏன் தம்பி, வண்டி மக்கர் பண்ணுதா?"

பின்னாலிருந்து பெண் குரல். அதே போன் குரல்! ஹரிக்குப் போன உயிர் வந்தது.

"அக்கா, அந்த மேட்டை உழ விடமாட்டேங்காக. அங்கன என்னத்தப் புதைச்சிருக்கீக?"

காளிராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாரிக்கனிதான் சொன்னாள்.

"மூணடி ஆழத்துல கெடக்கு. இவுக ஆஸ்பத்திரியில வாங்கியாந்து புதைச்சாக. அதுக்கு வலிக்கும்னு இன்னமும் பயந்து சாகுறாக."

அவள், போர்த்தியிருந்த முந்தானையை இடது கையால் விலக்கினாள்.

"போன சீசன்ல பட்டாசுக் கம்பெனி வெடிச்சுச்சுல்ல தம்பி... என் வலது கை."