ஜன்னலில் மலை

திருப்பதி அலுவலகத்தின் ஜன்னலில் சாயங்கால வெயில் மலையைச் செம்மண் நிறமாக்கிக்கொண்டிருக்கிறது. கிரண்குமார் அதைப் பார்க்கவில்லை. அவன் திரையில் கர்சரின் வெள்ளைக் கோடு அசையாமல் நிற்கிறது. வடமாலபேட்டைப் பக்கத்துப் பால் நிலையமொன்றின் சர்வரில் இங்கிருந்தபடியே ஃபயர்வால் என்னும் காவல் நிரலை ஓடவிட்டவன், யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று அதற்குச் சொல்ல மறந்துவிட்டான். அது அவனையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது. அங்கே தராசும் சர்வரை எட்ட முடியாமல் விழிக்கிறது. போனில் கேன்கள் தரையில் உரசுகின்றன, யாரோ தெலுங்கில் திட்டுகிறார்கள். “பாலு திரிஞ்சிடும் கிரணு, அல்லாரும் நின்னுக்கினு கீறாங்க” என்கிறாள் பால் அளக்கும் செங்கம்மா. “அக்கா, அந்தக் கறுப்புப் பொட்டி பட்டனை அமுக்கிப் புடிச்சி அணைச்சிட்டு, மறுபடி போடுக்கா.” நல்லவேளை, ஃபயர்வாலை அவன் இன்னும் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டில் எழுதவில்லை. எழுதியிருந்தால், சர்வர் கண் திறக்கும்போதெல்லாம் அதுவும் கூடவே எழுந்து வழியை அடைத்திருக்கும். போனில் மின்விசிறி முனகி ஓய்கிறது; கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை; பிறகு ஒரு பீப். திரையில் எழுத்துகள் மளமளவென்று இறங்குகின்றன. அங்கே தராசு கூவுகிறது, கேன் மூடிகள் திறக்கின்றன. “அக்கா, நீ மட்டும் இல்லன்னா…” “நான் இன்னா பண்ணேன்? அணைச்சேன், போட்டேன்” என்றபடி, போனை அணைக்காமலே பாலைப் பார்க்கப் போய்விடுகிறாள். கிரண்குமார் போனை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கைகூப்புகிறான். பக்கத்து நாற்காலிக்காரர் அவனைப் பார்க்கிறார், ஜன்னலில் மலையைப் பார்க்கிறார், தானும் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.