எவ்வளவு கேஸ் ஏத்தட்டும்?

“இனிமே என்னால தாங்க முடியாது தம்பி. இன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள இந்த ஏசியச் சரி பண்ணிக் குடுத்துடுங்க,” என்றாள் நிரஞ்சனா, கார் சாவியை நீட்டியபடி. இதற்காகவே வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

உட்லண்ட்ஸ் பட்டறையில் பிரேம் பானட்டைத் திறந்து, கேஸ் மெஷினின் குழாய்களை மாட்டினான். முள்ளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“கேஸ் குறையலக்கா, கூடிப் போயிருக்கு. கூடினாலும் கூல் வராது. யார் ஏத்துனது?”

“வேற யாரு? எங்க வீட்டுக்காரர்தான். போன வாரம் ஆன்லைன்ல டப்பா வாங்கி, வீடியோ பாத்துக்கிட்டே ஏத்துனாரு. அன்னிக்குப் போனதுதான்.”

பட்டறைக்காரர்கள் இதற்கெல்லாம் ஆச்சரியப்படுவதில்லை. கார்கள் பாதிக்கு மேல் அப்படித்தான் வருகின்றன. பிரேம் இருந்த கேஸ் முழுவதையும் மெஷினுக்குள் இழுக்க விட்டான். அது முடியும்வரை எதையாவது பேசியாக வேண்டும்.

“நீங்க இதுல எங்க வேலைக்குப் போறீங்க?”

“எனக்கு எம்ஆர்டி ரயில்தான் லா. கார் அவருக்கு. வேலை முடிஞ்சு வந்து, மார்சிலிங்ல எங்க அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ கார்பார்க்ல நிறுத்துவாரு. அப்புறம் ஏசியப் போட்டுக்கிட்டு உள்ளேயே உக்காந்து ஃபோன் பாப்பாரு. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் மேல வருவாரு.”

“டெய்லியா?”

“கல்யாணம் ஆன நாள்லேருந்து.”

பிரேமுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்க, கீழே ஒரு மனுஷன் ஜில்லென்று உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தபோது கோபமும் வந்தது. பிரேமுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

மெஷின் பீப் என்றது. இனி சரியான அளவை ஏற்ற வேண்டியதுதான். அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, நான் ஒண்ணு சொல்றேன். பாதி கேஸ் மட்டும் ஏத்துறேன். அஞ்சு நிமிஷம் உள்ள உக்கார முடியாது. வேர்த்து ஊத்தி, மனுஷன் நேரா வீட்டுக்கு ஓடி வந்துடுவாரு. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்.”

நிரஞ்சனா பதறிப்போய் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“அய்யய்யோ தம்பி, ஒரு வாரமா அப்படித்தானே ஓடி வர்றாரு!”