மஞ்சள் தாள்

பள்ளிக்கூட மொட்டைமாடியில் நிற்கும் காற்றுமாசு அளக்கும் இயந்திரம் இரவும் பகலும் ஊர்க்காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். தினமும் காலையில் அதன் வாய்க்குள் வட்டமான வெள்ளைத் தாளொன்றை வைப்பதும், முந்தைய நாள் தாளை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதும் செண்பகவல்லியின் வேலை. தாளின் மேல் தன் மூச்சுக்கூடப் படக் கூடாது. அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோலைக் கொளுத்தினால் தாள் மஞ்சளாகிவிடும். அந்த மஞ்சளைத்தான் ஆய்வகத்தில் தேடினார்கள். நைட்ரோ என்று ஏதோ பெயர் சொன்னார்கள்.

மார்கழிப் பனிக்கே இரண்டு போர்வை கேட்கும் அவளுடைய அக்கா கோமளம், தை பிறந்து நான்காம் நாள் இறந்துபோனாள். சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனபோது பெண்களைத் தெருமுனையோடு நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் தலைமுழுகப் போக, செண்பகவல்லி மாடியேறினாள். ஆற்றங்கரையில் எழுந்த புகை, வயல்களை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வீடு திரும்புகிறவளைப் போலப் பள்ளிக்கூடத்தை நோக்கி நிதானமாக வந்தது. இயந்திரம் அதை இழுத்துக்கொண்டது.

மறுநாள் எடுத்த தாள், மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வரும் அக்காவின் முகம் போலிருந்தது.

தாள் நல்ல மஞ்சள் என்று அவள் சொன்னதும், ஆய்வகத்து இளம்பரிதி போனில் கேட்டார். "நேத்து பக்கத்துல என்னங்க எரிஞ்சுது?"

"வைக்கோலு சார்... வறட்டி."

"சரி, அனுப்புங்க. பாதியைக் கரைச்சுப் பாத்துட்டு, மீதியை ஃப்ரீசர்ல வச்சிருவோம். வருசக்கணக்கா அப்படியே இருக்கும்."

செண்பகவல்லி தாளை முகத்தருகே பிடித்திருந்தாள். மூச்சு அதன்மேல் பட்டுக்கொண்டிருந்தது.

"அங்க ரொம்பக் குளிருமே சார்," என்றாள்.