கழுவிக் கும்பிட்ட கிரைண்டர்

பெரியநாயக்கன்பாளையத்து சர்வீஸ் சென்டரில், மோட்டார் ஓடாத கிரைண்டர் ஒன்று மேசைமேல் குப்புறக் கிடக்கிறது. அடிப்பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருக்கின்றன. அவற்றின் நடுவே கம்பெனி ஒட்டிய தாள் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அதிலிருந்த சீரியல் நம்பரைக் காணோம். கவுண்டரில் இருக்கும் ஜெனிதா செல்போன் வெளிச்சத்தை அதன்மேல் அடித்துப் பார்க்கிறாள். "நம்பர் தெரியலைனா வாரண்டில எடுக்க மாட்டாங்கக்கா. எப்படிங்க அழிஞ்சுது?" கிரைண்டரைக் கொண்டுவந்த பழனாத்தாள் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைக்கிறாள். புது மோட்டார் போட அவளிடம் காசில்லை. "ஆயுதபூசைக்குப் புளி போட்டுத் தேச்சுக் கழுவிப்போட்டேன் அம்மணி. அழுக்கோடவா பொட்டு வெக்கறது?" "அந்த நம்பர் இருந்தாத்தானுங்க இது எங்க மெஷின்னு தெரியும்." மேசைமேல் வைத்த கிரைண்டர் பில் மின்விசிறிக் காற்றில் படபடக்கிறது. பழனாத்தாள் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்துகிறாள். "பில்லு இருக்குது, தேதி இருக்குது, கிரைண்டர் இருக்குது, வாங்குன நானும் நிக்கறேன். இன்னும் ஆருங்க வரோணும்?" ஜெனிதாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. தாளை நகத்தால் மெல்லச் சுரண்டுகிறாள். "ஆறு மாதிரி ஒண்ணு தெரியுதுங்க." "அப்ப வாரண்டி உண்டுங்களா?" "எல்லா நம்பரும் தெரியோணுமுங்கக்கா." பழனாத்தாள் கிரைண்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கிறாள். "பூசைக்குக் கழுவக்கூடாதுன்னா அதை அட்டையில போட்டிருக்கோணுமல்லங்க?" ஜெனிதா வாரண்டி அட்டையைத் திருப்பி, அப்படி ஏதாவது போட்டிருக்கிறதா என்று முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குகிறாள்.