அடிபிடித்த பருப்பு

தம்பி வீட்டுக்குள் நுழைந்து, கையிலிருந்த பையைக் கீழே வைக்கக்கூட இல்லை, அதற்குள் அக்காவுக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? தம்பி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு, நெற்றியில் வியர்வை, கையில் கரண்டி. மனைவியைப் பறிகொடுத்து முழுசாக நாலு மாசம்கூட ஆகவில்லை.

மருமகளோ நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க பெரியம்மா. மாமா, பெரியம்மாவுக்கும் சேர்த்து ஒரு டம்ளர் அரிசி கூடப் போட்டுடுங்க."

"போட்டுட்டேம்மா," என்றார் தம்பி.

தம்பி மகன் வேலை வேலை என்று ஊர் சுற்றுகிறான். கேட்க ஆளில்லை என்றால் இப்படித்தான்.

"ஏம்மா, லீவுலதானே இருக்கே? நீ எழுந்து செய்யக் கூடாதா?"

"எனக்கு எங்க பெரியம்மா சமையல் வருது? அத்தை இருந்தவரைக்கும் யாரையும் அடுப்படிப் பக்கமே விட்டதில்ல. நான் வெறும் டோக்கன் கிழிக்கிறவ."

ஆஸ்பத்திரி கேன்டீனில் அவளுக்கு வேலை. தெரியாதவளுக்கு வாய் மட்டும் குறைவில்லை.

"மாமா, நேத்து பீன்ஸ்ல உப்பு தூக்கல். வெங்காயமும் சரியா வதங்கல."

"சரிம்மா, இன்னிக்குப் பார்த்துக்கறேன்."

பொறுத்தது போதும் என்று அக்கா அடுப்படிக்குள் நுழைந்தாள்.

"கிளம்புடா என்கூட. என் வீட்டுல நீ ஒரு துரும்பை எடுத்துப் போட வேணாம். கட்டில்ல உட்கார வச்சு வேளாவேளைக்குச் சோறு போடறேன்."

தம்பி பருப்பைக் கிளறிக்கொண்டே இருந்தார். மௌனம் சம்மதம் என்று அக்காவே முடிவு கட்டிக்கொண்டு, அவர் துணிமணியை எடுத்து வைக்க அறைக்குப் போனாள்.

பால்கனியில் மருமகள் போனில் பேசுவது கேட்டது.

"அடி பிடிச்சிடுச்சா? கிளறாதீங்க. மேலாக மொண்டு வேற அண்டாவுக்கு மாத்துங்க. முந்நூறு பேருக்கு அந்த உப்பு பத்தாது. தாளிப்பை மட்டும் நான் சொல்ற மாதிரி செய்யுங்க..."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கையில் சட்டையோடு அக்கா.

"டோக்கன் கிழிக்கிறவ எதுக்கும்மா தாளிப்பு சொல்லித் தர்றே?"

மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"டோக்கன்லதான் சேர்ந்தேன். இப்ப அங்க சமையல் முழுக்க என் பொறுப்பு. அத்தை சங்கடப்படுவாங்களேன்னு வீட்டுல சொல்லல. மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க பெரியம்மா."

"ஏன் இந்த நாடகம்?"

"அத்தை போனதும் மாமா சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். அங்கேயே விதவிதமாச் சமைச்சு எடுத்துட்டு வந்து, கேன்டீன் சாப்பாடுன்னு சொல்லிக் கட்டில்லயே கொண்டு வச்சேன். ஒரு வாய்க்கு மேல இறங்கல. ஒரு நாள் அசதியில வீட்டுல வச்ச பருப்பைத் தீய விட்டுட்டேன். அந்த வாடைக்கு எழுந்து வந்தார். 'உங்க அத்தை இருந்தா இப்படியா நடக்கும்'னு திட்டி, கரண்டியைப் பிடுங்கி, அவரே புதுசா வச்சு, உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்குச் சந்தோஷத்துல அழுகையே வந்துடுச்சு. அன்னையிலேருந்து எனக்குச் சமையல் வராது."

'கட்டில்ல உட்கார வச்சு' என்று தான் சொன்னது அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. சட்டையை மடித்து அலமாரியிலேயே வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள்.

"டேய், நீ இங்கேயே இரு. அந்தப் பொண்ணுக்கு நாலு சமையல் கத்துக்கொடு. பாவம், ஒண்ணுமே தெரியல."

தம்பி எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை ஒருக்களித்தார்.

"யாருக்கு, அவளுக்கா? சாயங்காலம் அவளுக்கு முன்னாடி தாளிச்ச வாசனை வீட்டுக்குள்ள வருது. கையெல்லாம் எண்ணெய் தெறிச்ச தழும்பு. டோக்கன் கிழிச்சா வர்ற தழும்பாக்கா அது?"

அக்கா பால்கனிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீ அவகிட்ட சொல்லிடாதே. ஊருக்கெல்லாம் வடிச்சுக் கொட்டிட்டு வர்ற பொண்ணு. அவளை உட்கார வச்சுச் சோறு போட வீட்டுல ஒரு ஆள் வேணாமா? அதுக்குத்தான் காலையில எழுந்திருக்கிறேன்."