மாதிரிக் கையெழுத்து

"இன்னொரு தபா போடு" என்றான்.

போட்டாள்.

காலையிலிருந்து இது முப்பத்தோராவது கையெழுத்து. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் முழுக்க அவள் பெயர்தான். அம்சவேணி, அம்சவேணி, அம்சவேணி. இத்தனை தடவை சாமி பெயரை எழுதியிருந்தால் புண்ணியமாவது வந்திருக்கும்.

இடது காலால் தூளியை ஆட்டிக்கொண்டே எழுதினாள். குழந்தை இப்போதுதான் கண் அசந்திருந்தது.

அவன் ராணுவத்தில் கிளார்க். துப்பாக்கியும் பிடிப்பான், ஆனால் பிழைப்பு பேனாவில். ஒரு மாத லீவு இன்றோடு சரி. சாயங்காலம் ஐந்தேகாலுக்குக் காட்பாடியில் ரயில். இந்தத் தடவை யூனிட்டே பனிமலைக்கு ஏறுகிறது. கிளார்க் என்று யாரையும் கீழே விட்டுவிட்டுப் போக மாட்டார்கள்.

ஏறுவதற்கு முன்னால் எல்லோரும் இன்சூரன்ஸ் படிவத்தைப் புதிதாக நிரப்பிக் கொடுக்க வேண்டும். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பணம் யாருக்கு என்று அவன் எழுத வேண்டும். அந்த யாரோ, கீழே மாதிரிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த யாரோ இவள்.

கட்டம் இரண்டு விரல் அகலம்தான். அடித்தல் திருத்தல் கூடாது. கையில் இருப்பது ஒரே படிவம். அதை இன்னும் அவளிடம் கொடுக்கவில்லை. பாயின் ஓரத்தில், காற்றுக்குப் பறக்காமல், டம்ளரை மேலே வைத்திருந்தான்.

முதல் பத்துப் பன்னிரண்டு கையெழுத்தில் அவள் கை அப்பாவின் இனிஷியலையே போட்டது. கல்யாணமாகி மூன்று வருடம். கைக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பான். இன்று, "த. போடு" என்றான். த. போட்டாள். தணிகைவேல் அவன் பெயர்.

லீவு முழுக்க இப்படித்தான் போனது. தாலுகா ஆபீசில் மூன்று நாள். பேங்கில் இரண்டு நாள். இருவரும் சேர்ந்து நிற்கிற போட்டோவுக்கு ஸ்டுடியோவில் அரை நாள். வந்த அன்று சினிமாவுக்குப் போகலாம் என்று சொன்னான், பிறகு மறந்துவிட்டான். அவளும் அதை ஞாபகப்படுத்தவில்லை. அலுத்துப்போயிருந்தாள்.

தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஆபீசில் இப்படித்தான் பார்ப்பான் போல.

"ஒவ்வொன்னும் ஒவ்வொரு மாதிரி கீது. அச்சு மாதிரி வரணும்."

"கை வுட்டுப்போச்சுங்க. நான் இன்னா எழுதப் படிக்கத் தெரியாதவளா?"

தாளைக் கீழே வைத்தான். கொஞ்ச நேரம் தூளியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு சொன்னான்.

போன வருடம் அவர்கள் யூனிட்டில் ஒருவன் செத்துப்போனான். வண்டி பள்ளத்தில் உருண்டுவிட்டது. அவன் காகிதமெல்லாம் இவன் மேசை வழியாகத்தான் போனது. பெண்டாட்டி கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று மேலேயிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி போட்டாள். மறுபடி வந்தது. பதினோரு மாதமாகிறது, பணம் இன்னும் போகவில்லை.

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். பழசு டீச்சர் கையெழுத்து மாதிரி கீது. புதுசுல ஒரு எழுத்து மேல போவுது, ஒரு எழுத்து கீழ வுழுது. ரெண்டும் அந்தப் பொம்பள போட்டதுதான். எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சு இன்னா?"

அவள் கால் நின்றுவிட்டது. தூளி தானாக இரண்டு தடவை ஆடி ஓய்ந்தது.

"பழசு எப்போ போட்டது?"

"கல்யாணமான மறு மாசம்."

புதியது எப்போது என்று அவள் கேட்கவில்லை.

இதற்குத்தானா முப்பத்தோரு தடவை? அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். ஷேவ் செய்த கன்னத்தில் சோப்பு காய்ந்திருந்தது. நன்றாகப் பழகிவிட்டால் எந்த நாளிலும் கை நடுங்காது என்று இந்த மனுஷன் நிஜமாகவே நம்புகிறான். பாவமாக இருந்தது.

டம்ளரை நகர்த்தினாள். படிவத்தை இழுத்துக்கொண்டாள்.

"நிதானமா போடு" என்றான்.

அவள் அந்த நாளை நினைத்தாள். இத்தனை நாள் பாதியிலேயே தள்ளிவிட்டுக்கொண்டிருந்ததை இப்போது முழுதாக நினைத்தாள். வாசலில் வந்து நிற்கும் வண்டி. செருப்புகள். யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவது.

பிறகு போட்டாள்.

த. கட்டத்தின் கோட்டைத் தொட்டது. நடுவில் ஓர் எழுத்து மேலே போனது. கடைசி எழுத்து கீழே சரிந்தது.

அவன் எட்டிப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

"அன்னிக்கு இப்படித்தாங்க வரும்" என்றாள்.

பேனாவை மூடாமல் பாயில் வைத்தாள்.

அவன் வெகுநேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்தான். வெளியே தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. தெருவில் குடங்கள் ஓடின. இருவரும் எழுந்திருக்கவில்லை.

அடித்தல் இல்லை. திருத்தல் இல்லை.

கீழே இன்னொரு கட்டம் காலியாக இருந்தது. அது அவனுடையது. பன்னிரண்டு வருடமாக ஆபீசில் ஆயிரம் காகிதத்தில் போட்ட கையெழுத்து. கண்ணை மூடிக்கொண்டு போடுவான்.

பேனாவை எடுத்தான். முனை தாளில் பட்டது. எடுத்தான். மறுபடி வைத்தான்.

அவள் படிவம் அசையாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.